இருபத்திரண்டு நாள் பரிகாரம்

எனக்குக் கோபம் வரும். இதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் தெருவில் கிறிஸ்துராஜ் வீடு எது என்று கேட்டால், "சத்தம் வருதுல்ல, அந்த வீடுதான்" என்று கை காட்டுவார்கள். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக அலுவலக வேலை பார்க்கிறேன். பதிவேட்டில் நான் வெறும் உதவியாளர். ஆனால் தலைமையாசிரியர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் ஹெட் கிளார்க் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே நான் சொல்லி யாரும் கேட்காமல் இருந்ததில்லை.

என்னைப் போன்ற ஆளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை தவக்காலம் வருவது நல்ல ஏற்பாடு. கோவிலுக்குப் போய், செய்த பாவத்தையெல்லாம் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, அவர் சொல்கிற பரிகாரத்தை முடித்துவிட்டால் மனசு சுத்தமாகிவிடும். பிறகு மறுபடி முதலிலிருந்து கோபப்பட ஆரம்பிக்கலாம்.

எங்கள் பங்குக் கோவிலில் உயிர்ப்புத் திருவிழாவான ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை மாலை, பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக வெளியிலிருந்து நாலு சாமியார்கள் வருவார்கள். நாலு வரிசை நிற்கும். எந்த வரிசையில் நிற்பது என்பதில்தான் ஒருவனுடைய அனுபவம் தெரியும். ஒருவர் அரைமணி நேரம் புத்தி சொல்வார். இன்னொருவர் குறுக்குக் கேள்வி கேட்பார். இஞ்ஞாசி சாமிக்கு எண்பது வயது, காது மந்தம். நாம் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அதனால் அவர் வரிசைதான் எப்போதும் வாசல்வரைக்கும் நீளும்.

அன்றைக்கு நான் சீக்கிரமே போய் அந்த வரிசையில் பதினோராவது ஆளாக நின்றேன். அவரிடம் சத்தமாகப் பேசவேண்டும் என்பதால் அடுத்த ஆள் பத்தடி தள்ளி நிற்பது அங்கே மரியாதை. என் முறை வந்தது. பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டைத் தொட்டி என்று சொல்வோம். சாமியார் உள்ளே இருப்பார், நடுவில் துளைபோட்ட பலகை, அந்தப் பக்கம் யார் என்று முகம் தெரியாது. முழங்கால் போட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாமி, எனக்குக் கோவம் வருது" என்று முழுச் சத்தத்தில் சொன்னேன்.

"மெதுவாச் சொல்லுங்க. எனக்கு நல்லாக் கேக்கும்" என்றது உள்ளேயிருந்து ஓர் இளம் குரல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவர் மாத்திரை போட்டுக்கொள்ளப் பின்கதவு வழியாக எழுந்து போயிருக்கிறார். அந்த நேரத்துக்கு வெளியூர்ச் சின்னச் சாமி ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கால் போட்டபிறகு எழுந்து ஓடவா முடியும்?

"யார் மேல கோவம் வருது?" என்றார்.

"எல்லார் மேலயுந்தான் சாமி."

"வீட்ல நீங்க யார் சொல்றதக் கேப்பீங்க?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். "எங்க வீட்ல நாந்தான் சாமி சொல்றது. மத்தவங்க கேப்பாங்க."

"மனைவி இருக்காங்களா?"

"இருக்கா சாமி. டீச்சரு."

"அப்ப பரிகாரம் இதுதான். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடியிற வரைக்கும் அவங்க எது சொன்னாலும் மறுபேச்சுப் பேசாமச் செய்ங்க. பாவமான காரியம்னா மட்டும் செய்ய வேணாம்."

"சாமி, அதுக்குப் பதிலா தெனம் ஒரு ஐம்பத்து மூணு மணிச் செபமால சொல்லிர்றேனே?"

"இல்ல."

"ரெண்டு சொல்லிர்றேன்."

"ஐயா, பேரம் பேசுறதே மறுபேச்சுதான்" என்றார் அந்தச் சாமி. குரலில் சிரிப்பு இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு நாள். செய்யாமல் விட்டுவிடலாமே என்று மற்றவர்கள் நினைக்கலாம். என்னால் முடியாது. பரிகாரத்தைச் செய்யாமல் ஏமாற்றிவிட்டு நன்மை வாங்க, அதாவது பூசையில் சாமியார் தருகிற அப்பத்தை வாங்க, என் மனசு ஒப்பாது. மே மாதம் என் மகள் டயானாவுக்குக் கல்யாணம். கல்யாணப் பூசையில் எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது பெண்ணைப் பெற்றவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்?

ஆனால் எனக்குப் பெரிய பயம் அது இல்லை. என் மனைவி சகாயமேரி என்னிடம் கேட்க ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. அது அவளுடைய தம்பி இம்மானுவேல்.

மாமனார் மாமியார் போனபிறகு அவன் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். தாளாளர் சாமியாரிடம் நடையாக நடந்து, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே அவனுக்கு லேப் அசிஸ்டெண்ட் வேலை வாங்கிக் கொடுத்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, வந்த தபால்களுக்கெல்லாம் எண் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று அவனுடைய ராஜினாமாக் கடிதம். என் மச்சினனின் ராஜினாமாவுக்கு நானே எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, தலைமையாசிரியர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

கப்பலூரில் லேத் பட்டறை போடப் போகிறானாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று சாயங்காலம் கூடத்தில் நிற்கவைத்து ஏன் என்று கேட்டேன். "கேட்டா வேணாம்பீங்க மச்சான்" என்றான். சொன்ன பேச்சைக் கேட்காதவனுக்கு என் வீட்டில் இடமில்லை என்றேன். "நீங்க ஸ்கூலுக்கு வேணா ஹெட் கிளார்க்கு. எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டி பாண்டிமீனாவைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டான். நான் சகாயத்தின் பக்கம் திரும்பி, "இனிமே இந்த வீட்டுக்குள்ள அவன் பேரு வரக் கூடாது" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். அதற்குப்பிறகு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினாலும் தாய்மாமன் முறை மாறவில்லை. தாய்மாமன் மாலை போடாமல் கல்யாணப் பெண் கோவிலுக்குக் கிளம்பமாட்டாள். டயானாவுக்கு இருப்பதோ இந்த ஒரே தாய்மாமன். பத்திரிகை அடித்தபோது அவன் பெயர் இல்லாமல்தான் எழுதிக் கொடுத்தேன். ஐநூறு பத்திரிகை அடித்துவந்து பீரோமேல் கட்டுக்கட்டாக இருந்தது. உயிர்ப்புத் திருவிழா முடிந்ததும் கொடுக்க ஆரம்பிக்கவேண்டும். அதற்குள் சகாயம் ஒருநாள் வாயைத் திறந்து, "போய் எந் தம்பியக் கூப்பிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் நான் போயாகவேண்டும். அந்தப் பயத்தோடுதான் பரிகாரத்தை ஆரம்பித்தேன்.

அவளிடம் நான் பரிகாரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வதற்கு எனக்கென்ன பைத்தியமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில், "சுகர் ஏறிக்கிட்டே போகுது. இனிமே காலைல கோதுமைக் கஞ்சிதான்" என்றாள். வழக்கமாக இந்தப் பேச்சு ஏழரை மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிக்கு இட்லியில் முடியும். நான் "சரி" என்றேன். அவள் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை, "ஹெல்மெட்டப் போட்டுட்டுப் போங்க" என்றாள். சரி என்றேன். செவ்வாய்க்கிழமை, "டிவி சவுண்டக் கொறைங்க" என்றாள். குறைத்தேன். புதன்கிழமை, ஒன்பது வருஷமாக நான் சேர்த்துவைத்திருந்த பழைய பேப்பரையெல்லாம் கடையில் போட்டுவிடலாமா என்று பயந்து பயந்து கேட்டாள். நானே சைக்கிள் கடை முத்திருளனிடம் தள்ளுவண்டி வாங்கிவந்து ஏற்றிக் கொடுத்தேன். வியாழக்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்துவிட்டாள்.

"நெஞ்சுல எதுவும் பண்ணுதாங்க?" என்று வழியெல்லாம் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல."

"பின்ன ஏன் எதச் சொன்னாலும் சரி சரிங்கிறீங்க?"

அன்று சாயங்காலம் அடுப்படியில் டயானா அவளிடம் மெதுவாகப் பேசுவது கேட்டது. "அப்பா ஏதோ பெரிய தப்புப் பண்ணிட்டாரும்மா. மாட்டிக்கிறதுக்கு முன்னாடி நல்ல பேரு வாங்கப் பாக்குறாரு."

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என்னடி தப்புப் பண்ண முடியும்?" என்றாள் சகாயம். அவள் என்னை நம்புகிறாளே என்று சந்தோஷப்படுவதா, வேறு மாதிரி எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவின் அன்பியக் கூட்டம். பத்துக் குடும்பம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லி, வேதவசனம் வாசித்துப் பேசுவோம். பேசுவோம் என்றால் பெரும்பாலும் நான் பேசுவேன். அன்றைக்குக் கிளம்பும்போதே, "இன்னைக்கு நீங்க வாயத் தொறக்கவே கூடாது" என்று சகாயம் சொல்லிவிட்டாள். கூட்டம் நாற்பது நிமிஷம் முன்னாலேயே முடிந்தது. போகும்போது நாலு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

இந்தச் 'சரி' மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்துக்கும் பரவிவிட்டது. வாட்ச்மேன் விருமாண்டி அரைநாள் லீவு கேட்டான். பழக்கதோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். அவன் கேட்டுவரைக்கும் போய்விட்டுத் திரும்பிவந்து, "அண்ணே, நெசமாத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் சகாயம் ஒவ்வொரு தடவை "ஏங்க" என்று கூப்பிடும்போதும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிடுவேன். இதோ கேட்கப் போகிறாள் என்று நினைப்பேன். அவள், "தேங்கா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்பாள். தப்பித்தோம் என்று கடைக்கு ஓடுவேன்.

பத்து நாள் கழித்து அந்த நிம்மதியில் என்னவோ புளிக்க ஆரம்பித்தது. உயிர்ப்புக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்து, வழக்கம்போல் குருத்தோலையில் சிலுவை பின்னிக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவள் நாலு சிலுவை பின்னினாள். மூன்றை மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகினாள். நாலாவதை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. அவள் கேட்கவே போவதில்லை. அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று நான்தானே உத்தரவு போட்டேன்? அவள் அதற்குக் கீழ்ப்படிகிறாள். அவள் எனக்குக் கீழ்ப்படிகிறவரைக்கும் நான் அவளுக்குக் கீழ்ப்படியவேண்டிய அந்த ஒரு காரியம் வரவே வராது. இதைவிட வசதியான பரிகாரம் உலகத்தில் உண்டா? எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் மெல்ல வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். "கல்யாணத்துக்கு யாரையாச்சும் விட்டுட்டமா சகாயம்?"

"லிஸ்ட்டு நீங்க எழுதுனதுதான. விட்டுருக்க மாட்டீங்க."

"இல்ல, ஒனக்கு யாரையாச்சும் கூப்பிடணும்னு..."

"பருப்பு வெந்துருச்சான்னு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

பெரிய வியாழன் பூசையில் பங்குச்சாமி பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவிவிட்டு, கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசினார். இயேசு தம் தந்தைக்குக் கீழ்ப்படிந்தது தமக்குச் சுலபமான காரியத்தில் இல்லை, வேண்டாம் என்று அவரே வியர்த்து அழுத சிலுவைச் சாவில் என்றார். நான் கோதுமைக் கஞ்சி குடித்ததையும் ஹெல்மெட் போட்டதையும் நினைத்துப் பார்த்தேன். பெஞ்சில் நெளிந்து உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அவள் சொன்னபடி நான் ஸ்டூல்மேல் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் கீழே ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். இனியும் பொறுக்கமுடியாது என்று தோன்றியது.

"சகாயம், நாளைக்குக் காலைல பூசை முடியிறதுக்குள்ள எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லிரு."

"அந்த மூலைல இன்னும் இருக்கு பாருங்க."

"ஒட்டடையச் சொல்லல."

கீழே இறங்கி, இஞ்ஞாசி சாமி வரிசையில் நின்றது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். என்ன சத்தம் என்று ஓடிவந்த டயானாவுக்கு அவள் சொல்ல, அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அப்ப அந்த பிளட் டெஸ்ட்டு?"

"நீ சொன்ன. வந்தேன்."

"உங்களுக்கு என்னமோ பெரிய நோவுன்னு நான் மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்திக்கிட்டுருந்தேங்க, இம்புட்டு நாளும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. இப்பச் சொல்லு."

"எத?"

"ஒனக்குத் தெரியும்."

அவள் சிரிப்பு நின்றது. டயானா எழுந்து போகப் பார்த்தாள். சகாயம் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இம்மானுவேலு பேரு இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னீங்க. நான் கேட்டேன்" என்றாள். நாலு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பெயர் எங்கள் கூடத்தில் ஒலித்தது. ஒன்றும் இடிந்து விழவில்லை.

"நாலு வருஷமாக் கேட்டுட்ட. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

"முழுசாக் கேளுங்க. வீட்டுக்குள்ளதான கூடாதுன்னீங்க? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு நம்ம வீட்டுக்குள்ளயா இருக்கு? மாசத்துல மொதச் சனிக்கிழமை அவன் வருவான். பாண்டிமீனா வருவா. சின்னவன் ஜூடு பொறந்ததுல இருந்து அவனையும் தூக்கிட்டு வருவாங்க. தேனி பஸ் நிக்கிற எடத்துல டீக்கடை பெஞ்சுல உக்காந்து பேசிட்டு வருவோம்."

"நானும் போவேன்ப்பா" என்றாள் டயானா.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் அதைக் கொட்டுவது என்று தெரியவில்லை. அவள் என் உத்தரவை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறாள், சாரத்தை மட்டும் டீக்கடையில் விட்டுவிட்டாள். நானும் மூன்று வாரமாக அதையேதான் செய்துகொண்டிருந்தேன். அவளைக் கண்டிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என்னையறியாமல் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, சொல்லு. போய்க் கூப்பிடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. இப்பவே கப்பலூருக்குப் போறேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் சொல்லி நீங்க போனா அது எனக்காகக்கூட இல்ல. அந்தச் சாமியார் சொன்னதுக்காக. கஞ்சி குடிக்கிற மூஞ்சியோட அவன் முன்னாடி போய் நிப்பீங்க. எந் தம்பி உங்களுக்குப் பரிகாரம் இல்ல." கீழே கிடந்த துணியை எடுத்துக்கொண்டாள். "போகாதீங்க."

"நெசமாவா சொல்ற?"

"இதுவும் நான் சொல்றதுதான. கேளுங்க."

கேட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க வீட்டிலேயே இருந்தேன். வண்டிச்சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது. இருபத்தோரு நாளும் எனக்கு வலிக்காததைத்தான் செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக வலித்தது. கீழ்ப்படிவது என்றால் என்ன என்று ஐம்பத்துநாலு வயதில் கொஞ்சம் புரிந்தது.

மறுநாள் ஆறு மணிப் பூசை. அல்லேலூயா பாடினோம். மூன்று பேரும் நன்மை வாங்கினோம். சாமியார் கடைசி ஆசீர் கொடுத்து, பூசை முடிந்தது என்றார். பரிகாரமும் முடிந்தது. இனி யார் சொல்வதையும் நான் கேட்கவேண்டியதில்லை. வெளியே வந்து வண்டியை எடுத்தேன். ஒரு பத்திரிகையைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஆட்டோல போயிருங்க" என்றேன்.

"நீங்க எங்கிட்டுப் போறீங்க?" என்றாள் சகாயம்.

"பூசை முடிஞ்சிருச்சு. இனிமே ஒனக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்ல."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க நான் நிற்கவில்லை.

பழங்காநத்தம் தாண்டி, திருப்பரங்குன்றம் தாண்டி, திருநகர் போகிறவரைக்கும் தைரியமாகத்தான் இருந்தேன். அதற்குப்பிறகு பயம் பிடித்துக்கொண்டது. யாரோ சொல்லிப் போனால், போன இடத்தில் என்ன நடந்தாலும் சொன்னவர்மேல் போட்டுவிடலாம். இப்போது அவன் முகத்தில் அடித்தமாதிரிப் பேசினால் அது முழுக்க எனக்குத்தான். இரண்டு தடவை வண்டியை ஓரம் கட்டினேன். சகாயம் சொன்னதைக் கேட்கவேண்டியது இல்லை என்றாலும் ஹெல்மெட் போட்டிருந்தேன், அதனால் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தொழிற்பேட்டையில் விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். தகரக் கூரை போட்ட பட்டறை, அதை ஒட்டிப் பின்னால் வீடு. இம்மானுவேல் வாசலில் குழாயைப் பிடித்து பைக் கழுவிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது. காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான். தண்ணீரை நிறுத்தவில்லை.

"அக்கா அனுப்புச்சா?"

"இல்ல. போகாதேன்னுட்டா."

"பரிகாரம்னு அக்கா நேத்துப் போன்ல சொல்லுச்சே. மாடில நின்னு பேசுறேன், வீட்டுக்குள்ள இல்லன்னுச்சு."

"அது காலைலயே முடிஞ்சுபோச்சு."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

வழியெல்லாம் நாலைந்து பதில் தயாரித்து வைத்திருந்தேன். எல்லாம் ஆபீஸ் கடிதம் மாதிரி நன்றாகவே இருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"தப்பு என்னுது மாப்ள" என்றேன். "நீ எங்கிட்டக் கேட்டுருக்கணும்னு நாலு வருஷமாச் சொல்லிக்கிட்டுருக்கேன். கேட்டுருந்தா வேணாம்னுதான் சொல்லிருப்பேன். நீ செஞ்சதுதான் சரி. என்ன மன்னிச்சுக்க."

அந்தத் தொட்டிக்கு வெளியே என் வாழ்நாளில் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து பாண்டிமீனா வந்து எட்டிப்பார்த்து, குழாயை மூடிவிட்டு, "வாங்கண்ணே" என்றாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூன்று வயதுப் பையன்.

"இவருதான் கத்துற மாமாவாம்மா?" என்று கேட்டான்.

பாண்டிமீனா அவன் வாயைப் பொத்தினாள். இம்மானுவேல் எவ்வளவோ அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. சிரித்துவிட்டான்.

"ஆமாடா, நாந்தான்" என்றேன்.

உள்ளே போய் உட்கார்ந்து பத்திரிகையைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் நிதானமாகப் படித்தான்.

"எம் பேரு இல்ல."

"இல்ல. ஐநூறும் அப்பிடித்தான் இருக்கு. நாளைக்கே வேற அடிக்கச் சொல்லிர்றேன்."

"வேற அடிக்க வேணாம்" என்றான். "அச்சுல வந்தா அது அச்சாபீஸ்காரன் போட்டது. நீங்க கையால எழுதுங்க மச்சான். தாய்மாமன் இம்மானுவேல், பாண்டிமீனான்னு ஐநூறுலயும் எழுதுங்க. எழுதி முடிச்சுட்டுச் சொல்லுங்க, நான் மாலையோட வாரேன்."

ஐநூறு. பிரஸ்ஸில் கொடுத்தால் இரண்டு நாளில் முடிகிற வேலை என்ற பதில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவன் என்னைவிட இருபது வயது இளையவன். நான் தூக்கி வளர்த்த பையன். அவன் சொல்வதைக் கேட்கும்படி எந்தச் சாமியாரும் எனக்குச் சொல்லவில்லை.

"சரி மாப்ள" என்றேன்.

பாண்டிமீனா இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்தாள். தவக்காலம் முழுக்கக் கறியைத் தொடாத வாய். ஒன்பது இட்லி சாப்பிட்டேன். சகாயத்திடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். சகாயம் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நூறு தாண்டியதும் விரல் விறைத்துப்போனது. "நான் பாதி எழுதவா?" என்றாள். வேண்டாம், என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறான் என்றேன். பள்ளிக்கூடம் போய்வந்து போய்வந்து எழுதி, புதன்கிழமை சாயங்காலம் ஐநூறாவது பத்திரிகையை முடித்தேன். கூடத்தில் உட்கார்ந்தபடியே அவனுக்குப் போன் செய்தேன்.

"முடிஞ்சிருச்சு மாப்ள."

"ஐநூறுமா?"

"ஐநூறும்."

அவன் லேத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் சும்மாதான் சொன்னேன் மச்சான். பத்து எழுதிட்டு விட்டுருவீங்கன்னு நெனச்சேன்" என்றான். "மாலைக்கு இன்னைக்கே சொல்லிர்றேன்."

போனை வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்துநாலு வயது ஆள் அப்படி அழக் கூடாது. ஆனால் சந்தோஷமாக இருந்தது. சகாயம் பத்திரிகைகளைக் கட்டிவைத்துவிட்டு என் பக்கம் வந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தேன்.